வள்ளியாக நின்றவர் ஒளவையாக வந்தார்
(கே. பி. சுந்தராம்பாளின் திரைப்படங்களைக் குறித்துப் பழனியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகழ்பெற்ற நடிகை ஒருவரின் படங்களுள் சிறந்தவை எவை என்று ஆராய்ந்து, அவற்றை முறைப்படுத்திச் சொல்லவேண்டும் என்று இச்சபையார் என்னைப் பணித்தபோது, எந்த நடிகையைப் பற்றிப் பேசுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவிரித் தீர்த்தத்தைக் கலசங்களில் முகந்து, காவடியாகக் கட்டித் தோளிலே சுமந்து, வெயிலையும் கொப்புளத்தையும் பொருட்படுத்தாமல் கொங்கு நாட்டு அடியார்கள் எந்த ஊரிலிருந்து நடந்து வந்து இம்மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணிக்கு அபிஷேகம் செய்விக்கிறார்களோ, அந்தக் கொடுமுடியிலே 1908ஆம் ஆண்டு பிறந்து, வாழ்நாள் முழுதும் இவ்வாண்டியின் புகழையே பாடி, 1980இல் மறைந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை விட்டுவிட்டு, வேறொருவரைப் பற்றிப் பழனியில் நின்றுகொண்டு பேச எனக்கு மனம் வரவில்லை.

அவர் நடித்த படங்கள் சொற்பம். மற்ற நடிகையர் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடித்து முடிக்கும் தொகையை அவர் நாற்பது ஆண்டுகளில்தான் எட்டினார். ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவற்றை வரிசைப்படுத்துவது எளிது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சாதாரணமாக ஒரு நடிகையின் படங்களைத் தரம் பிரிக்கும்போது ரஸிகர்கள் எவற்றையெல்லாம் கணக்கில் கொள்கிறார்களோ, அந்த அழகு, யௌவனம், காதற் காட்சி, கதாநாயகனோடு அமைந்த பொருத்தம் ஆகிய எவையும் சுந்தராம்பாள் விஷயத்தில் பயன்படா. அவர் நடித்த முக்கியமான பாத்திரங்களைக் கருதிப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஒளவையார், கவுந்தியடிகள், காரைக்காலம்மையார். இவர்களுள் இல்லறத்தில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் பற்றறுத்தவர்கள். உலகத்தோடு கொண்ட உறவைச் சுருக்கிக்கொண்டு தெய்வத்தோடோ அறத்தோடோ உறவைப் பெருக்கிக்கொண்டவர்கள். இது தற்செயலாக நேர்ந்ததன்று.

நாடக மேடையில் அவர் புகழ் பெற்றது வள்ளியாக. ஏழைக் குடும்பத்திலே பிறந்து, இரயிலில் பாடிப் பொருள் சேர்த்த சிறுமியாக இருந்தவர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எழுத்துச் சிதையாமல் பாட்டு சென்று சேரும்படி தம் சாரீரத்தைப் பழக்கிக்கொண்டார். 1920களில் இலங்கையிலே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் எதிரெதிர் நின்று, ஒருவர் எடுத்த பாட்டை மற்றவர் அந்த ஸ்தாயியிலேயே வாங்கித் திருப்பித் தந்த அழகைக் கேட்பதற்காக ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மேடைத் தம்பதி வாழ்க்கையிலும் தம்பதியானார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இருபத்தேழு வயதிலே காலமானார். அப்பொழுது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று அவர் வெள்ளாடை உடுத்தினார்; இனி எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்; அந்த உறுதியை இறுதிவரை காத்தார். வேலனுக்கு வள்ளியாக நின்றவர் அதன்பின் அவ்வேலனுக்குப் பாட்டியாகவே வந்தார்.

அம்மையாரின் படங்களை நான் அளக்கும் அளவுகோல் இந்த வைராக்கியம்தான். எந்தப் படம் அவருடைய துறவுக்கு உருவம் தந்ததோ, எந்தக் கதை அவரை நீக்கிவிட்டால் நிற்க முடியாமல் சாய்ந்துவிடுமோ, அதுவே முதன்மையானது. பாட்டு எத்தனை இனிமையாக இருந்தாலும், அது கதையின் ஓரத்திலே ஒட்டிக்கொண்டிருக்குமானால், அப்படத்தை ஒரு படி கீழேதான் வைப்பேன். இந்த ஊரில் இதைச் சொல்வது எனக்கு எத்தகைய சங்கடத்தைத் தரும் என்பது சிறிது நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

முதலில், வரிசையிலே சேர்க்க முடியாத படத்தைச் சொல்லிவிடுகிறேன். கணவர் மறைந்த துக்கத்தில் ஒடுங்கியிருந்தவரைச் சினிமாவுக்கு அழைத்தபோது, அழைத்தவர்கள் திரும்பிப் போய்விடட்டும் என்றே அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர்கள் அதற்கும் இசைந்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அவ்வாறு 1935இல் வெளிவந்தது ‘பக்த நந்தனார்’. ஆடவரோடு ஜோடி சேரமாட்டேன் என்றவர் தாமே ஆண்வேடம் பூண்டு, சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கும் நந்தனாராக நடித்தார். அவரை அடக்கி வைக்கும் வேதியராக நடித்தவர் சங்கீத உலகில் சக்கரவர்த்தியாக விளங்கிய மகாராஜபுரம் விசுவநாதையர். அந்நாளில் வித்வத் சபைகளில் நாடகக்காரர்களுக்கு எத்தகைய இடம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு மகாவித்வானும் ஒரு நாடக நடிகையும் சமமாக நின்று பாடியதன் அருமை தெரியும். அப்படத்தின் பிரதி இன்று இல்லை. இல்லாத படத்துக்கு இடம் ஒதுக்குவது நேர்மையாகாது. ஆகவே அதைப் புறத்தே நிறுத்துகிறேன். 1940இல் வந்த ‘மணிமேகலை’யையும், அரசகுமாரனின் காதலை மறுத்துப் பிக்குணிக் கோலம் பூண்டவளின் கதையை அவர் ஏற்றார் என்ற குறிப்போடு விட்டுவிடுகிறேன்.

முதலிடம் ‘ஒளவையாரு’க்கு.

1953ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசன் தம் ஜெமினி ஸ்டூடியோவில் கொத்தமங்கலம் சுப்புவைக் கொண்டு இயற்றுவித்த இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் யானைகளைப் பற்றியே பேசுவார்கள். சிறை வைக்கப்பட்டவர்களை மீட்பதற்காக ஒளவை விநாயகரை வேண்டிப் பாட, யானைக் கூட்டம் வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சி அது. அந்நாளில் ஜனங்கள் அதைக் கண்டு பிரமித்தது உண்மை. ஆனால் அப்பிரமாண்டம் எல்லோருக்கும் உகந்ததாக இருக்கவில்லை. இராஜாஜி இப்படத்தை ரசிக்கவில்லை என்பதை அவருடைய நாட்குறிப்பு காட்டுகிறது. யானைகளைப் பொறுத்தவரை நானும் அவர் பக்கமே சாய்கிறேன். அக்காட்சியை நீக்கிவிட்டாலும் படம் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படத்தில் என் உள்ளத்தைக் கவர்ந்த இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. மணப்பருவம் எய்திய ஒளவைக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். தமிழுக்கும் அறத்துக்கும் தன்னை ஒப்புவித்துவிட்ட அப்பெண், தன் இளமையே தனக்குத் தடையாக நிற்பதை உணர்ந்து, விநாயகர் திருமுன் விழுந்து, இந்த யௌவனத்தை எடுத்துக்கொள் என்று வேண்டுகிறாள். அதுவரை இளம் ஒளவையாக இருந்தவர் குசலகுமாரி. வரம் கிடைத்த மாத்திரத்தில் நரைத்த கூந்தலும், நெற்றி நிறைந்த திருநீறும், கையிலே கோலுமாக எழுந்து நிற்பவர் சுந்தராம்பாள். நடிகையர் முதுமையை எத்தனை அஞ்சுவார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நாற்பத்தைந்து வயதிலே இவர் முதுமையை ஓர் அரசியின் முடி போல் ஏற்றுக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் தம் சொந்த வாழ்விலே இளமையைக் களைந்து வெள்ளை உடுத்திய பெண்மணி அவர் என்பதை அறிந்தவர்க்கு, அக்கணத்தில் வேடம் எது, வாழ்க்கை எது என்று பிரித்துப் பார்க்க இயலாது.

அதன்பின் படம் முழுதும் அவர் நடக்கிறார். ஊர் ஊராக, அரண்மனையிலும் குடிசையிலும், சண்டையிடும் அரசர்களிடத்திலும் கூழுக்கு அலையும் ஏழைகளிடத்திலும் நடக்கிறார். வசனமாகப் பேச வேண்டிய இடத்தில் வெண்பாவாகப் பாடுகிறார். பாடும்போது பேசுகிறார் என்றே தோன்றுகிறது. தாளக்கட்டின்றி விருத்தமாக எடுத்து, ஒரு சொல்லை நீட்டி, அடுத்த சொல்லை நறுக்கென்று நிறுத்தி, பொருள் எங்கே கனக்கிறதோ அங்கே குரலை அழுத்தி, பொருள் எங்கே இளகுகிறதோ அங்கே குரலைத் தணித்து அவர் பாடும் முறை, ஸ்பெஷல் நாடக மேடை நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அந்தக் கலையைப் பழுதுபடாமல் திரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் சிரேஷ்டமானவர் இவர். அவரை நீக்கிவிட்டால் ‘ஒளவையார்’ என்ற படமே இல்லை. நாட்டுப்புறத்துப் பாட்டிமார் இன்றும் ஒளவை என்று சொன்னவுடன் மனக்கண்ணில் காணும் முகம் சுந்தராம்பாளின் முகம்தான்.

இரண்டாவதாக நான் வைப்பது 1964இல் வந்த ‘பூம்புகார்’. இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. முருகன் இல்லாத படம், சமணத் துறவியின் வேடம், பகுத்தறிவுக் கொள்கையர் எழுதிய வசனம். இதற்கு இரண்டாம் இடமா என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் கொடுக்கிறேன் என்பதே என் பதில். அம்மையார் காங்கிரஸ்காரர், சத்தியமூர்த்தியின் அழைப்பை ஏற்றுத் தேசியப் பிரசாரத்தில் பாடியவர், சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தவர். கதை வசனம் எழுதிய மு. கருணாநிதி எதிர்முகாமில் நின்றவர். நெற்றியிலே நீறும் நெஞ்சிலே முருகனுமாக வாழ்ந்தவர், சைவத்துக்குப் புறம்பான ஒரு சமயத்தின் துறவியாக, தம் அரசியலுக்குப் புறம்பான ஒருவரின் எழுத்தைத் தம் வாயால் சொல்ல முன்வந்தாரென்றால், கலைக்கு அவர் தந்த மதிப்பு எத்தகையது என்பது விளங்கும். எழுதியவரும் அவருடைய வயதுக்கும் பக்திக்கும் உரிய மரியாதையைத் தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இக்காலத்தில் அரசியல் மேடையில் இருப்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கவுந்தியடிகளின் நிலை விசித்திரமானது. தாம் உலகைத் துறந்தவர். ஆனால் கோவலனும் கண்ணகியும் ஒன்றாகக் கூடி வாழ வேண்டுமே என்று தவிப்பவர். காவிரிக் கரையிலிருந்து மதுரை வரை அவர்களுக்கு முன்னும் பின்னுமாக நடந்து, கண்ணகியின் சீறடி நோகுமே என்று வருந்தும் அத்துறவி, கடைசியில் அந்த மணவாழ்வு வாளுக்கு இரையானதைக் கேட்கிறார். இளங்கோவடிகளின் காவியத்திலே உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். எஸ். எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் தம்பதியாக நடக்க, ஓரடி விலகிச் சுந்தராம்பாள் நடந்து வரும் காட்சிகளைப் பார்த்தபோதெல்லாம், இளமையில் கணவனை இழந்த ஒருத்தி, இந்தப் பெண்ணுக்காவது அது நேராதிருக்கட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டு நடப்பதாகவே எனக்குத் தோன்றியிருக்கிறது. வாழ்க்கையை ஓடமாக உருவகித்துக் கருணாநிதி எழுதி, ஆர். சுதர்சனம் இசையமைத்த பாடலை அவர் பாடும்போது, அதில் உபதேசத்தின் கடுமை இல்லை. கரையைக் கண்டுவிட்டவர் நீரில் தத்தளிப்பவருக்குச் சொல்லும் பரிவே இருக்கிறது. நடிப்பு என்று பார்த்தால், இதுவே அவருடைய உச்சம் என்பது என் அபிப்பிராயம். ஒளவையாக அவர் தம்மையே காட்டினார். கவுந்தியாகத் தமக்கு வெளியே இருந்த ஒருத்தியை உண்டாக்கிக் காட்டினார்.

மூன்றாவது 1973இல் வந்த ‘காரைக்கால் அம்மையார்’. ‘ஒளவையார்’ படத்தில் கண்ட அந்த அற்புதக் கணம், இருபது ஆண்டுகள் கழித்து இங்கே மறுபடியும் வருகிறது. மாங்கனி தந்த புனிதவதியாக லட்சுமி நடிக்கிறார். கணவன் அவளைத் தெய்வமென்று அஞ்சி விலகியபின், யாருக்காக இந்த எழிலைச் சுமப்பது என்று அவள் அதை உதறிப் பேயுரு வேண்டிப் பெறுகிறாள். அவ்வுருவாக எழுபவர் சுந்தராம்பாள். இயக்கிய ஏ. பி. நாகராஜன் இந்த ஒற்றுமையைக் கருதித்தான் அவரை அழைத்தாரோ என்னவோ, தமிழ்ச் சினிமாவில் இளமை உதிர்ந்த இடத்தில் நிற்பதற்கு வேறு ஆள் இருக்கவில்லை. சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் சிவ சக்தியராக ஆட, குன்னக்குடி வைத்தியநாதனின் இசையில் அம்மையார் துரித காலத்தில் பாடும் அந்தப் பாடலைக் கேளுங்கள். அறுபத்தைந்து வயதில், மூச்சு தளராமல், ஜதியின் வேகத்தில் ஓர் எழுத்தும் வழுக்காமல் பாடுகிறார். பாத்திரம் பின்பாதியில்தான் வருகிறது என்ற ஒரே காரணத்தால் இதை மூன்றாவதாக வைத்தேன்.

இனி, நீங்கள் பொறுமையோடு காத்திருக்கும் படத்துக்கு வருகிறேன். 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடலை’ நான்காம் இடத்தில் வைக்கிறேன். கனி கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்த குழந்தை நிற்கும் மலையின் அடிவாரத்திலே, திருவாவினன்குடியின் மணியோசை கேட்கும் தூரத்திலே நின்றுகொண்டு, பழனியைப் பாடிய படத்துக்கு நான்காம் இடம் என்று சொல்வதற்கு எனக்குத் தைரியம் வேண்டியிருக்கிறது. ஆனால் நியாயத்தை யோசியுங்கள். அது சிவாஜி கணேசனின் படம், சாவித்திரியின் படம், நாகேஷும் டி. எஸ். பாலையாவும் கூட அதில் சுந்தராம்பாளைவிட அதிக நேரம் வருகிறார்கள். பார்வதி தன் பிள்ளையின் சினத்தைத் தணிக்க இறைவனின் விளையாடல்களைக் கதையாகச் சொல்வதே படம். அதற்கு முன் வந்து பாடிப் பார்க்கும் ஒளவையாகிய சுந்தராம்பாள், கதையின் வாசற்படியிலே நிற்கிறார். அளவுகோலை ஊருக்காக வளைத்தால் அது அளவுகோல் ஆகாது.

ஆயினும் படத்தின் இடம் வேறு, காட்சியின் இடம் வேறு. தமிழ்த் திரைப்படங்களில் பாட்டும் பாத்திரமும் ஸ்தலமும் ஒன்றாகக் கலந்த காட்சிகளுள் எதை முதலில் வைப்பாய் என்று கேட்டால், தயங்காமல் இந்தக் காட்சியையே சொல்வேன். எதிரே நிற்பது கோவணமும் தண்டமுமாக ஒரு சிறுவன். தாயையும் தந்தையையும் வேண்டாமென்று உதறிவிட்டு வந்த துறவி. அவனைச் சமாதானம் செய்ய வந்தவளும் துறவி. பந்தத்தின் பெருமையைத் துறவியிடம் துறவி எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது! தாளமில்லாமல், விருத்தமாக, உச்சத்திலேயே எடுக்கிறார். மேலே நிறுத்திய ஸ்வரத்தைச் சிறிதும் அசைக்காமல் பிடித்திருந்து, பிறகு படிப்படியாக இறங்குகிறார். தொடங்கும்போது குரலில் அதட்டல் இருக்கிறது. பாட்டி பேரனைக் கடிந்துகொள்ளும் உரிமையான அதட்டல். சிறிது சிறிதாக அது கெஞ்சலாகிறது. பிறகு தாளம் வந்து சேர்ந்துகொள்ளும்போது கெஞ்சலும் போய், குழந்தை என்று எண்ணி வந்தவனைத் தெய்வமென்று உணர்ந்துகொண்ட வியப்பு எஞ்சுகிறது. கை அசைவு அதிகம் இல்லை, முகத்தைச் சுளிக்கும் அபிநயமும் இல்லை. அத்தனை பாவமும் தொண்டையிலே பிறந்து தொண்டையிலே முடிகிறது. கே. வி. மகாதேவன் வாத்தியங்களை அடக்கி ஒதுக்கி, அந்தச் சாரீரத்துக்கு வழிவிட்டு நின்றதையும் பாராட்டவேண்டும்.

இரவில் கிரிவீதியைச் சுற்றி வரும்போது, ஏதேனும் ஒரு கடையிலிருந்து இப்பாட்டு கேட்காமல் போவது அரிது. பஞ்சாமிர்த டப்பாவை வாங்கிக்கொண்டிருப்பவர் சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு மலையை நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஐந்தாவதாக 1967இல் வந்த ‘கந்தன் கருணை’. முருகன் வினவ, ஒளவை அரியது எது, பெரியது எது என்று அடுக்கிச் சொல்லும் பகுதியிலே, பாட்டியின் புலமையும் பேரனின் குறும்பும் சரிநிகராக அமைந்திருக்கின்றன. இந்திய அரசு இசையமைப்புக்கு முதன்முதலாக வழங்கிய தேசிய விருதை மகாதேவன் பெற்றது இப்படத்துக்காகத்தான்.

ஆறாவதாக 1969இல் வந்த ‘துணைவன்’. சாண்டோ சின்னப்பா தேவர் தம் படக் கம்பெனிக்கே நம் தண்டாயுதபாணியின் பெயரைச் சூட்டியிருந்தவர். இப்படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது அம்மையாருக்குக் கிடைத்தது; அவ்விருதை அவருக்கு முன் பெற்றிருந்தவர் பி. சுசீலா ஒருவரே. 1970இல் பத்மஸ்ரீயும் வந்தது. பாட்டுக்கு முதற்பரிசு தகும். கதை அந்த உயரத்துக்கு ஏறவில்லை. ‘மகாகவி காளிதாஸ்’, ‘திருமலை தெய்வம்’ முதலியவற்றில் அவர் வருவதும் பாடுவதும் நமக்கு இன்பமே. அவற்றை வரிசைப்படுத்துவதில் பயன் இல்லை.

இது என் வரிசை. உங்களுள் பலர் ‘திருவிளையாடலை’ மேலே ஏற்றவேண்டும் என்பீர்கள். சிலர் ‘பூம்புகாரை’க் கீழே இறக்கவேண்டும் என்பீர்கள். படங்களை மறுபடியும் பார்த்துவிட்டு வந்து வாதாடுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ‘பக்த நந்தனாரை’ப் பார்த்துவிட்டு வந்து வாதாட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இருபத்தேழு வயதுச் சுந்தராம்பாள், துக்கம் ஆறாத நிலையிலே, ஆண்வேடத்தில் சிதம்பரத்தை நோக்கி உருகிய அந்தக் குரல் எப்படித் திரையில் ஒலித்தது என்பதை நாம் இழந்துவிட்டோம். படம் போனாலும் அந்தக் காலத்துக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களும், கிராமபோன் இசைத்தட்டுகளும், நோட்டீஸ்களும் பழைய வீடுகளின் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் இன்னும் கிடக்கக்கூடும். பழனியிலும், ஆயக்குடியிலும், ஒட்டன்சத்திரத்திலும், தாராபுரத்திலும் நாடகம் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இருக்கிறீர்கள். வெள்ளையடிக்கும்போதும் வீடு மாற்றும்போதும் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இத்தகைய தாள்களைப் பேணி வைப்பதே அதன் பணி. ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தாலும் அங்கே சேர்த்துவிடுங்கள் என்று உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.